களிப்பாறை என்று பெயர் பெற்ற மணற்கல்: கிணற்றுப் பதிவுகளை இயந்திரக் கற்றலால் படித்த ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

பல பத்தாண்டுகளாக உற்பத்தியில் இருக்கும் ஓர் எண்ணெய் வயலில், பழைய கிணறுகளின் பதிவுகளைக் கொண்டு ஓர் இயந்திரக் கற்றல் மாதிரி பயிற்றுவிக்கப்பட்டது. அது முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட புதிய கிணற்றில், எண்ணெய் இருந்த ஒரு மணற்கல் அடுக்கை, எண்ணெய் தராத களிப்பாறை என்று வகைப்படுத்தியது. அந்த வகைப்பாடு எப்படி வந்தது, எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது, அதன்பின் என்னென்ன மாற்றப்பட்டன என்பவை இங்கே பதிவாகின்றன. வயலை அடையாளம் காட்டக்கூடிய ஆழங்களும் இடங்களும் விடப்பட்டுள்ளன. பதிவு அளவுகள் தோராயமான எண்களாகச் சுருக்கித் தரப்பட்டுள்ளன. மாதிரியை உருவாக்கிய குழுவில் நான் இல்லை. பின்னர் நடந்த மதிப்பாய்வில் பங்கேற்றேன்.

வயலின் அடுக்கமைப்பு எளிமையானது. மேலே எல்லாக் கிணறுகளிலும் தெளிவாகத் தெரியும் மெல்லிய சுண்ணாம்புக்கல் அடுக்கு ஒன்று உண்டு. நிலவியலாளர்கள் அதைக் குறியடுக்காக வைத்துக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே களிப்பாறையால் பிரிக்கப்பட்ட மூன்று மணற்கல் அடுக்குகளும், ஆங்காங்கே மெல்லிய நிலக்கரிப் படிவுகளும் இருக்கின்றன. உற்பத்தியில் பெரும்பகுதி கீழ் மணற்கல்லிலிருந்து வந்தது. நடு மணற்கல்லோ, களி மிகுந்தது என்ற பெயரோடு நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டிருந்தது.

கிணற்றுக்குள் கருவிகளை இறக்கி, மேலே இழுத்துக்கொண்டே எடுக்கப்படும் அளவுகளைத்தான் கிணற்றுப் பதிவுகள் என்கிறோம். பாறையிலிருந்து இயல்பாக வரும் கதிர்வீச்சைக் காமா பதிவும், ஒரு கன அளவுப் பாறையின் நிறையை அடர்த்திப் பதிவும், அதிலுள்ள ஹைட்ரஜனின் அளவை நியூட்ரான் பதிவும், ஒலி கடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை ஒலிப் பதிவும், நுண்துளைகளில் இருப்பது உப்பு நீரா எண்ணெயா என்பதற்கான தடயத்தை மின்தடைப் பதிவும் தருகின்றன. இவற்றில் எந்த ஒன்றும் தனித்து நின்று பாறையின் பெயரைச் சொல்லாது. சேர்த்துப் படிப்பதே பாறை இயற்பியலாளரின் வேலை. அந்த வேலை ஒரு கிணற்றுக்குப் பல நாட்களை எடுக்கும், இருவர் படித்தால் இரு முடிவுகளும் வரும். பழைய கிணறுகள் அனைத்தையும் ஒரே அளவுகோலால் மீண்டும் மதிப்பிட வேண்டும் என்பதும், புதிய கிணறுகளில் விரைவாக முதல் முடிவு வேண்டும் என்பதும் இயந்திரக் கற்றலை நாடியதற்கான காரணங்கள். இரண்டும் நியாயமானவை என்றே கருதுகிறேன்.

மாதிரி உருவான விதம்

தரவு அறிவியலாளர்களின் சிறு குழுவொன்று ஏறத்தாழ முப்பது பழைய கிணறுகளின் பதிவுகளைத் திரட்டியது. ஒவ்வோர் அளவுப் புள்ளிக்கும் பயிற்சிக்குத் தேவையான பாறைப் பெயர் பெரும்பாலும் பழைய விளக்க அறிக்கைகளிலிருந்து எடுக்கப்பட்டது. பாறையை உருளையாக வெட்டி மேலே கொண்டுவந்து பார்த்த கோர் விவரங்கள் சில கிணறுகளுக்கு மட்டுமே இருந்தன. சில பாறை வகைகளுக்கு மிகக் குறைவான புள்ளிகளே கிடைத்ததால், களி மிகுந்த மணற்கல் என்ற வகை களிப்பாறையோடு இணைக்கப்பட்டது. இந்த இணைப்பு திட்ட ஆவணத்தில் ஒரே வரியில் முடிந்துவிட்டது. அது எவ்வளவு பெரிய வரி என்பது பின்னர்தான் தெரியவந்தது.

உள்ளீடுகளாகக் காமா, அடர்த்தி, நியூட்ரான், ஒலி, மின்தடை ஆகிய ஐந்து பதிவுகளும், அவற்றோடு ஆழமும் கொடுக்கப்பட்டன. கிணற்றின் விட்டத்தைக் காட்டும் காலிப்பர் பதிவு, பாறையின் பண்பு அல்ல என்ற காரணத்தால் விடப்பட்டது. அடுத்தடுத்த ஆம்-இல்லை கேள்விகளால் வகைப்படுத்தும் தீர்மான மரங்களை, படிப்படியாகப் பிழை திருத்திக்கொண்டே அடுக்கும் வழிமுறை தேர்ந்தெடுக்கப்பட்டது. இத்தகைய அட்டவணைத் தரவுக்கு அது பொருத்தமான தேர்வுதான். அனைத்துக் கிணறுகளின் புள்ளிகளும் ஒன்றாகக் கலக்கப்பட்டு, ஐந்தில் ஒரு பங்கு குலுக்கல் முறையில் சோதனைக்காக ஒதுக்கப்பட்டது. அந்தச் சோதனையில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேலான புள்ளிகளுக்குப் பாறைப் பெயர் சரியாக வந்தது. அந்த எண்ணை வைத்தே மாதிரி பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டது.

புதிய கிணற்றில் காணப்பட்டவை

புதிய கிணறு, களிப்பாறை ஊதிச் சரிவதைத் தடுப்பதற்காகப் பொட்டாசியம் குளோரைடு கலந்த துளைச்சேற்றைக் (தோண்டும்போது கிணற்றில் சுழலவிடப்படும் திரவம்) கொண்டு தோண்டப்பட்டது. பழைய கிணறுகளில் அப்படிப்பட்ட சேறு பயன்படுத்தப்படவில்லை. பதிவுகள் வந்து சேர்ந்த சில நிமிடங்களில் மாதிரி தன் முடிவைக் கொடுத்தது: கீழ் மணற்கல் மணற்கல்லாகவே வந்தது, மேல் மணற்கல்லின் பாதி களிப்பாறையானது, நடு மணற்கல் முழுவதும் களிப்பாறை. நடு அடுக்கில் களிப்பாறைக்கு மாதிரி கொடுத்த நிகழ்தகவு 0.9-ஐ ஒட்டியிருந்தது. அதாவது, அது தயங்கவும் இல்லை.

மூத்த பாறை இயற்பியலாளர் ஒருவர் அதே பதிவுகளைத் தாளில் அச்சிட்டு, அடர்த்திக் கோட்டையும் நியூட்ரான் கோட்டையும், இரண்டையும் நுண்துளைச் சதவீதமாகக் காட்டும் சுண்ணாம்புக்கல் அளவுகோலில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். களிப்பாறையில் இவ்விரு கோடுகளும் வெகுவாக விலகி நிற்கும், ஏனெனில் களிக் கனிமங்களோடு பிணைந்த நீரின் ஹைட்ரஜனையும் நியூட்ரான் கருவி நுண்துளை என்றே எண்ணிக்கொள்ளும். நடு அடுக்கை ஒட்டிய களிப்பாறையில் அடர்த்தி 2.50 கிராம்/கன செ.மீ., நியூட்ரான் 33 சதவீதம். அடர்த்தியை அதே அளவுகோலுக்கு மாற்றினால் சுமார் 12 சதவீதம் வரும், எனவே இடைவெளி 21 புள்ளிகள். நடு அடுக்கிலோ அடர்த்தி 2.33, நியூட்ரான் 18 சதவீதம். அடர்த்தியை மாற்றினால் 22. கோடுகள் விலகாதது மட்டுமன்றி, தூய மணற்கல்லில் எதிர்பார்ப்பதைப் போலச் சற்றே குறுக்காக வெட்டிக்கொண்டும் இருந்தன. இவ்விரு கோடுகளைக் கொண்டு கணக்கிட்டால் களியின் பங்கு பத்து சதவீதத்தைக் கூடத் தொடவில்லை.

காமா பதிவு இதற்கு நேர்மாறாகப் பேசியது. கீழே தூய மணற்கல்லில் 50 ஏபிஐ அலகுகள், களிப்பாறையில் 125, நடு அடுக்கில் 95. இவ்விரு எல்லைகளுக்கு நடுவே நேர்விகிதமாகக் கணக்கிட்டால் களியின் பங்கு 60 சதவீதம் ஆகிறது. வயலில் 50 சதவீதத்துக்கு மேல் களி உள்ள எதுவும் பயனுள்ள தடிமனில், அதாவது எண்ணெய் தரக்கூடிய பாறையின் கணக்கில், சேர்க்கப்படுவதில்லை என்பதால், காமாவை நம்பினால் இந்த அடுக்கு கணக்கிலேயே வராது. மின்தடை 18 ஓம்-மீட்டர். நீரின் மின்தடை 0.05 என்றும் நுண்துளை 19 சதவீதம் என்றும் வைத்து, மின்தடையிலிருந்து நீரின் பங்கைக் கணக்கிட 1942-இல் ஆர்ச்சி வெளியிட்ட சமன்பாட்டில் அடுக்கெண்கள் இரண்டையும் 2 என்று போட்டால், நுண்துளைகளில் நீர் சுமார் 28 சதவீதம்தான். மீதி எண்ணெயாக இருக்க வேண்டும்.

காமா ஏன் உயர்ந்தது என்பதற்கு இரு விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, சேற்றிலுள்ள பொட்டாசியம்; அது இயல்பாகவே சிறிதளவு கதிர்வீச்சை வெளியிடும். இன்னொன்று, மணற்கல்லிலேயே இருக்கும் பொட்டாசியம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருந்தது. சேறு காரணமென்றால் கிணறு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவு உயர்வு தெரிய வேண்டும். களியும் பொட்டாசியமும் இல்லாத குறியடுக்கும் தப்பாது. அந்தச் சுண்ணாம்புக்கல்லில் பழைய கிணறுகளில் 20 அலகுகளாக இருந்த அளவு புதிய கிணற்றில் 36 ஆகியிருந்தது. கீழ் மணற்கல்லில் 35 என்பது 50 ஆகியிருந்தது. ஆக, சேற்றின் பங்கு சுமார் 15 அலகுகள். மேல் மணற்கல்லில் மாதிரி தடுமாறியதற்கு இந்த 15 அலகுகள் போதுமான காரணம். நடு அடுக்கில் இவற்றைக் கழித்தாலும் 80 மிஞ்சுகிறது; அது பாறையிலிருந்தே வந்திருக்க வேண்டும்.

கிணற்றருகே எடுக்கப்பட்ட முடிவு

கிணற்றுச் சுவரைக் காக்கும் உறைக்குழாய் இறக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாதிரியின் முடிவை ஏற்றுக் கீழ் மணற்கல்லுக்கு நேரே மட்டும் அந்தக் குழாயில் துளையிட்டு உற்பத்தியைத் தொடங்குவது ஒரு வழி. தோண்டு கருவிக்கான நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்க, கூடுதலாக ஒரு முறை கருவிகளை இறக்கி நடு அடுக்கைச் சோதிப்பது இன்னொரு வழி. கிணற்றின் பொறுப்பாளர் முதலில் தயங்கியது இயல்பானதே, ஏனெனில் அவர் முன் இருந்தவை தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் பெற்ற ஒரு மாதிரியும், அதை மறுக்கும் ஒருவரின் கருத்தும் மட்டுமே. பாறை இயற்பியலாளர் தன் அனுபவத்தை முன்னிறுத்தி வாதிடவில்லை. இரண்டு விளக்கங்களில் எது சரி என்பதைத் தீர்க்கக்கூடிய அளவீடுகள் எவை, அவை எதிர்மறையாக வந்தால் தன் கருத்தைக் கைவிடத் தயார் என்பதையே எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதம்தான் முடிவை மாற்றியது என்று பொறுப்பாளர் பின்னர் மதிப்பாய்வில் கூறினார்.

மூன்று அளவீடுகள் செய்யப்பட்டன. முதலாவது, கதிர்வீச்சைப் பொட்டாசியம், தோரியம், யுரேனியம் எனப் பிரித்துக் காட்டும் காமா நிறமாலைப் பதிவு. சேற்றில் பொட்டாசியம் இருக்கும்போது பொட்டாசியக் கோட்டை அப்படியே நம்ப முடியாது. தோரியத்தைத்தான் பார்க்க வேண்டும். களிப்பாறையில் உயர்ந்து நின்ற தோரியம், நடு அடுக்கில் கீழ் மணற்கல்லின் அளவுக்கே இறங்கியிருந்தது. இரண்டாவது, அடுக்கு அழுத்தச் சோதனை. வெவ்வேறு ஆழங்களில் எடுத்த அழுத்தப் புள்ளிகளை இணைத்த கோடு, மீட்டருக்குச் சுமார் 8 கிலோபாஸ்கல் என்ற சரிவில் அமைந்தது. நீராக இருந்தால் அது 10-ஐ ஒட்டி இருந்திருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் அழுத்தம் விரைவாக மீண்டது. களிப்பாறையில் அப்படி மீளாது.

மூன்றாவது, கிணற்றின் பக்கச் சுவரிலிருந்து எடுத்த சிறு கோர்கள். அவற்றை மெல்லிய சீவலாக்கி, அமிலத்தால் அரித்து, சோடியம் கோபால்டிநைட்ரைட்டுக் கரைசலில் நனைத்தபோது, பல மணிகள் மஞ்சளாக மாறின. பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் அந்தக் கரைசலில் மஞ்சள் நிறம் ஏற்கும், குவார்ட்ஸ் ஏற்காது. இந்த ஃபெல்ட்ஸ்பாரின் நிறையில் 14 சதவீதம் பொட்டாசியம். பாறையில் ஒரு சதவீதப் பொட்டாசியம் காமா பதிவில் சுமார் 16 அலகுகளைச் சேர்க்கும் என்பதால், நிறையில் ஐந்தில் ஒரு பங்கு ஃபெல்ட்ஸ்பார் இருந்தாலே 45 அலகுகள் கூடிவிடும். 50 அலகு காட்ட வேண்டிய மணற்கல் 95 காட்டியதற்கு அது சரியாகப் பொருந்துகிறது.

நடு அடுக்கும் துளையிடப்பட்டது. சோதனை உற்பத்தியில் அதிலிருந்து எண்ணெய் வந்தது.

சோதனை முறையை மாற்றியது ஏன்

இதோடு நிறுத்தி, மாதிரியை ஓரமாக வைத்துவிடும் எண்ணம் சிலருக்கு இருந்தது. மதிப்பாய்வுக் குழு அதை ஏற்கவில்லை. தொண்ணூறுக்கு மேல் பெற்ற மாதிரி முதல் கிணற்றிலேயே இப்படி நடந்துகொண்டது எப்படி என்ற கேள்விக்கு விடை தெரியாமல், அதை விலக்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது.

விடையின் ஒரு பகுதி அந்தத் தொண்ணூறிலேயே இருந்தது. பதிவுகள் 0.1524 மீட்டருக்கு ஒரு புள்ளி, அதாவது அரை அடிக்கு ஒன்று என்ற இடைவெளியில் எடுக்கப்படுகின்றன. அடர்த்திக் கருவி ஒரே நேரத்தில் ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்துக்கான பாறையைப் பார்க்கிறது. எனவே அடுத்தடுத்த மூன்று நான்கு புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரே பாறையின் ஒரே அளவுகள். குலுக்கல் முறையில் பிரித்தால், சோதனைக்குப் போன ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் உள்ள புள்ளிகள் பயிற்சிக்குள் இருக்கும். ஆழமும் உள்ளீடாக இருந்ததால், மாதிரி இன்ன ஆழத்தில் இன்ன பாறை என்று மனப்பாடம் செய்தாலே போதும். பயிற்சியில் இருந்த கிணறுகளின் இடைவெளிகளை நிரப்பும் திறனைத்தான் அந்த எண் அளந்தது. களத்தில் கேட்கப்படும் கேள்வியோ எப்போதும் இதுவரை பார்க்காத ஒரு முழுக் கிணற்றைப் பற்றியது. நிகழ்தகவு 0.9 என்று வந்ததற்கும் இதுவே காரணம். தன் தன்னம்பிக்கையை மாதிரி அளந்துகொண்டதும் அதே எளிய சோதனையில்தான்.

இதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநில வாயு வயல் ஒன்றின் பதிவுகளைக் கொண்டு 2016-இல் நடந்த பாறை வகைப்பாட்டுப் போட்டியில், இறுதி மதிப்பெண் போட்டியாளர்கள் விடையைப் பார்க்காத கிணறுகளில்தான் கணக்கிடப்பட்டது. முதலிடம் பெற்ற அணியின் எஃப்1 மதிப்பெண் (வகைப்பாட்டின் துல்லியத்தை அளக்கும் எண், உச்சம் 1) சுமார் 0.64. நார்வே கடற்பகுதிக் கிணறுகளின் தரவைத் திறந்துவைத்து, அந்நாட்டு எண்ணெய்த் துறையின் கூட்டு அமைப்பான ஃபோர்ஸ் 2020-இல் நடத்திய போட்டியில் 98 கிணறுகள் பயிற்சிக்குத் தரப்பட்டன. இறுதித் தீர்ப்பு தனியாக மறைத்துவைக்கப்பட்ட கிணறுகளில் வழங்கப்பட்டது. அந்த இரண்டு போட்டிகளின் விதிமுறைகளைப் படித்திருந்தால் தொண்ணூறு என்ற எண் மகிழ்ச்சியைவிட ஐயத்தையே தந்திருக்கும்.

ஆகவே, ஒவ்வொரு முறையும் ஒரு கிணற்றை முழுமையாக வெளியே வைத்து, மற்றவற்றில் பயிற்றுவித்து, வெளியே வைத்த கிணற்றில் சோதிப்பது என்று முடிவானது. சராசரி எதிர்பார்த்தபடி வெகுவாகக் குறைந்தது. சராசரியைவிடச் சிதறல்தான் பயனுள்ளதாக இருந்தது: பல கிணறுகளில் மாதிரி நன்றாகவே செய்தது, சிலவற்றில் பாதிப் புள்ளிகளைத்தான் சரியாகச் சொன்னது. மோசமான கிணறுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஏன் என்று கேட்கத் தொடங்கியதும், கலந்த தரவில் கண்ணுக்குப் படாதவை வெளிவந்தன.

கிணறு கிணறாகப் பார்த்தபோது

சில கோப்புகளில் பிழை மிகச் சாதாரணமானது. கிணற்றுப் பதிவுகள் வழக்கமாகப் பரிமாறப்படும் லாஸ் கோப்புகளில், அளவு இல்லாத இடத்தில் -999.25 என்று எழுதுவது வழக்கம். தரவைப் படித்த நிரல் அந்த எண்ணை மட்டும் காலியிடமாக மாற்றியது. ஒரு கிணற்றில் காலியிடத்துக்கு -999 என்றும், இன்னொன்றில் 0 என்றும் எழுதப்பட்டிருந்தது. நியூட்ரான் 0 என்றால் நுண்துளையே இல்லாத இறுகிய பாறை என்று பொருள். மாதிரியும் அப்படியே எடுத்துக்கொண்டது.

கோர் எடுத்த ஒரு கிணற்றில் பாறைப் பெயர்கள் இரண்டு மீட்டர் அளவுக்கு இடம் மாறியிருந்தன. கோரின் ஆழம் துளைக் குழாய்களின் நீளத்தை வைத்தும், பதிவின் ஆழம் கம்பிவடத்தின் நீளத்தை வைத்தும் கணக்கிடப்படுவதால் இரண்டும் தாமாகப் பொருந்துவதில்லை. ஆய்வகத்தில் கோரின்மீதே எடுக்கப்பட்ட காமா அளவைக் கிணற்றுக் காமாவோடு ஒப்பிட்டு நகர்த்த வேண்டும். அந்த ஒரு கிணற்றில் அது விடுபட்டிருந்தது. மெல்லிய அடுக்குகளில் இரண்டு மீட்டர் என்பது பாறையின் பெயரையே மாற்றிவிடும்.

இன்னும் சில கிணறுகளில் நிலக்கரி என்று மாதிரி சொன்ன இடங்களைப் பார்த்தால், காலிப்பர் துளைமுனையின் விட்டமான 8.5 அங்குலத்திலிருந்து 12-ஐத் தாண்டிப் போயிருந்தது. அங்கே களிப்பாறைச் சுவர் சரிந்து கிணறு அகன்றிருக்கிறது. அடர்த்திக் கருவியின் பட்டை சுவரைத் தொட முடியாமல் சேற்றை அளந்திருக்கிறது. அதனால் அடர்த்தி குறைந்து, நியூட்ரான் உயர்ந்து, நிலக்கரியின் சாயல் வந்திருக்கிறது. காலிப்பர் பாறையின் பண்பு அல்ல என்பது உண்மைதான். மற்றப் பதிவுகளை எங்கே நம்பலாம் என்பதை அதுவே சொல்கிறது என்பதும் உண்மை. பாறை இயற்பியலாளர்கள் எதையும் படிக்கும் முன் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். தரவுக் குழுவோடு அவர்களில் ஒருவர் தொடக்கத்திலிருந்தே உட்கார்ந்திருந்தால் இது பேச்சுவாக்கிலேயே வந்திருக்கும்.

நடு மணற்கல் பற்றிய விடை வேறு இடத்தில் கிடைத்தது. மிகப் பழைய கிணறுகளில் அடர்த்திப் பதிவோ நியூட்ரான் பதிவோ எடுக்கப்படவில்லை. காமா, மின்தடை, ஒலி மட்டுமே இருந்தன. அவற்றைப் படித்தவர்கள் காமாவில் ஒரு வெட்டு எல்லையை வைத்து, அதற்கு மேலுள்ளவற்றைக் களி மிகுந்த மணற்கல் என்று எழுதினார்கள். அவர்களிடம் இருந்த கருவிகளுக்கு அது குறைசொல்ல முடியாத முடிவு. பின்னர் வந்த கிணறுகளில் அடர்த்தியும் நியூட்ரானும் இருந்தும், அருகிலுள்ள கிணற்றின் அறிக்கையோடு ஒத்துப்போகும்படி அதே பெயர் தொடர்ந்தது. கோர் எடுத்த இரு கிணறுகளில் மட்டும் ஃபெல்ட்ஸ்பார் நிறைந்த மணற்கல் என்று நிலவியலாளர் தெளிவாக எழுதியிருந்தார். பயிற்சித் தரவில் அந்த இரு கிணறுகளின் குரல் மற்றவற்றின் எண்ணிக்கையில் அமுங்கிப்போனது. அதன்மேல், களி மிகுந்த மணற்கல் என்ற வகையைக் களிப்பாறையோடு இணைத்ததும் சேர்ந்துகொள்ள, பழைய அறிக்கைகள் தயக்கத்தோடு சொன்னதை மாதிரி உறுதியாகச் சொல்லத் தொடங்கியது. கணித வழிமுறையில் குறை எதுவும் இல்லை; கொடுத்த பாறைப் பெயர்களை அது மிகத் துல்லியமாகவே கற்றிருந்தது.

அடுத்து எடுக்கப்பட்ட முடிவுகள்

பாறைப் பெயர்கள் மீண்டும் எழுதப்பட்டன. கோர் உள்ள கிணறுகளும், அடர்த்தி, நியூட்ரான், காலிப்பர் மூன்றும் நல்ல நிலையில் உள்ள கிணறுகளும் மட்டும் பயிற்சிக்கு வைக்கப்பட்டன. இதனால் தரவு பாதியாகச் சுருங்கியது. தரவுக் குழுவுக்கு அது வருத்தமாக இருந்தது, ஆனால் வெளியே வைத்த கிணறுகளில் முடிவு மேம்பட்டது. களி மிகுந்த மணற்கல்லும் ஃபெல்ட்ஸ்பார் மணற்கல்லும் தனித்தனி வகைகளாயின. ஆழம் உள்ளீட்டிலிருந்து நீக்கப்பட்டு, குறியடுக்கிலிருந்து எவ்வளவு கீழே என்ற தூரம் சேர்க்கப்பட்டது. அடர்த்தி, நியூட்ரான் கோடுகளின் இடைவெளி தனி உள்ளீடாகத் தரப்பட்டது. மரங்கள் அதைத் தாமாகவே கற்றுக்கொள்ளும் என்ற வாதம் எழுந்தது. கிணறுகள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது அதை நம்பி உட்கார முடியாது.

காமா அளவைச் சமன் செய்வதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. ஒவ்வொரு கிணற்றிலும் மிகக் குறைந்த அளவுகளையும் மிக உயர்ந்த அளவுகளையும் ஒரே எல்லைக்குள் கொண்டுவருவது எளிய வழி. ஆனால் ஒரு கிணறு பெரும்பாலும் களிப்பாறையாகவும் இன்னொன்று பெரும்பாலும் மணற்கல்லாகவும் இருந்தால், அந்த வழி இல்லாத ஒற்றுமையை உருவாக்கிவிடும். எனவே குறியடுக்கான சுண்ணாம்புக்கல்லையும், அதற்கு மேலுள்ள தடித்த களிப்பாறையையும் மட்டும் வைத்துச் சமன் செய்வது என்று முடிவானது. சேற்றின் பாதிப்பு கிணற்றின் விட்டத்தோடு கூடும் என்பதால், சுவர் சரிந்த பகுதிகளுக்கு இந்தத் திருத்தமும் போதாது. அங்கே மாதிரி பாறைப் பெயர் எதுவும் சொல்லாமல், தரவு நம்பத் தகுந்ததல்ல என்று மட்டும் குறிக்கும்.

மதிப்பெண் முறையும் மாறியது. ஃபோர்ஸ் போட்டியில் எல்லாத் தவறுகளும் சமமாக எண்ணப்படவில்லை. எந்தப் பாறையை எதுவாகத் தவறிச் சொன்னால் எவ்வளவு தண்டம் என்று ஓர் அட்டவணை இருந்தது. அதே போல ஓர் அட்டவணை இங்கும் எழுதப்பட்டது. களிப்பாறையை வண்டல்கல் என்று சொல்வதற்குச் சிறு தண்டம். எண்ணெய் தங்கக்கூடிய மணற்கல்லைக் களிப்பாறை என்று சொல்வதற்குப் பெருந்தண்டம். நிலவியலாளர்கள் ஒருநாள் முழுவதும் உட்கார்ந்து அந்த அட்டவணைக்காகச் சண்டையிட்டார்கள், அது வீண் போகவில்லை.

விளைவு

திருத்திய மாதிரிக்குப் புதிய கிணற்றின் பதிவுகள் மீண்டும் கொடுக்கப்பட்டன; அந்தக் கிணறு பயிற்சியில் சேர்க்கப்படவில்லை. நடு அடுக்கு ஃபெல்ட்ஸ்பார் மணற்கல் என்று வந்தது, முன்பைவிடக் குறைந்த நிகழ்தகவோடு. மேல் மணற்கல் கிட்டத்தட்ட முழுமையாக மீண்டது. ஆனால் அந்தக் கிணற்றின் விடை எல்லோருக்கும் தெரிந்தபின் செய்த திருத்தங்கள் இவை என்பதால், இதை வெற்றியாக எண்ண மதிப்பாய்வு மறுத்தது. அதற்குப்பின் தோண்டப்பட்ட கிணற்றில், பாறை இயற்பியலாளர் தன் விளக்கத்தை முடித்து உறையிலிட்டு ஒப்படைத்த பிறகே மாதிரி இயக்கப்பட்டது. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின. நிலக்கரிக்கு அருகிலுள்ள மெல்லிய அடுக்குகளில் வேறுபட்டன, அங்கே பாறை இயற்பியலாளரே சரியாக இருந்தார். நடு அடுக்கின் அடிப்பகுதியில் ஒரு மெல்லிய களிப் படிவை மாதிரி காட்டியது. அதை அவர் கவனிக்காமல் விட்டிருந்தார்.

பழைய கிணறுகளில் கிடைத்த பலன் கலவையானது. நடு அடுக்கை மாதிரி மறுபெயரிட்ட கிணறுகளில், உறைக்குழாய்க்குப் பின்னால் இன்னும் தொடப்படாமல் இருந்தவற்றிலிருந்து இரண்டு தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒன்றில் துளையிட்டதும் எண்ணெய் வந்தது. மற்றொன்றில் நீர் மட்டுமே வந்தது. அங்கேயும் பாறை மணற்கல்தான், மாதிரி சொன்ன பெயரில் பிழையில்லை. ஆனால் அந்தக் கிணறு நிலத்தடி அடுக்குகளின் கட்டமைப்பில் தாழ்ந்த பக்கத்தில் இருந்தது, அதன் மின்தடைப் பதிவு எடுக்கப்பட்டதோ உற்பத்தி தொடங்கிய காலத்தில். இடைப்பட்ட ஆண்டுகளில் நீர்மட்டம் உயர்ந்ததை அந்தப் பழைய பதிவு எப்படிச் சொல்லும்? பாறையின் பெயரைச் சரியாகச் சொல்வதும், அதில் இன்று என்ன இருக்கிறது என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு உறைக்குழாய் வழியாக எடுக்கக்கூடிய துடிப்பு நியூட்ரான் பதிவு போன்ற புதிய அளவீடு தேவைப்பட்டது. செலவைக் கருதி அது தவிர்க்கப்பட்டிருந்தது.

மாற்றப்பட வேண்டியவை

இதே பணி மீண்டும் தொடங்கப்பட்டால், பயிற்சிக்கு முன்பே மூன்று கிணறுகளை மூடி முத்திரையிட்டு வைக்க வேண்டும் என்பது மதிப்பாய்வின் பரிந்துரை: ஒன்று கட்டமைப்பின் உச்சியில், ஒன்று தாழ்ந்த பக்கத்தில், ஒன்று மற்றவற்றில் இல்லாத வகைச் சேற்றோடு தோண்டப்பட்டது. எந்தப் பாறைப் பெயர் கோரிலிருந்து வந்தது, எது பழைய அறிக்கையிலிருந்து வந்தது, அந்த அறிக்கை எழுதியபோது எந்தெந்தப் பதிவுகள் இருந்தன என்பது ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நெடுவரிசையாகத் தரவிலேயே இருக்க வேண்டும். வகைகளை இணைக்கும் முடிவில் நிலவியலாளரின் கையெழுத்து வேண்டும். பழைய கிணறுகளில் துளையிடத் தேர்ந்தெடுக்கும்போது, திரவத்தின் இன்றைய நிலையை அளக்காமல் பாறைப் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

பொட்டாசியம் குளோரைடு சேறு இனி எல்லாக் கிணறுகளிலும் பயன்படப்போகிறது என்பதால், பயிற்சித் தரவில் அத்தகைய கிணறுகள் போதுமான அளவு சேரும் வரை ஒவ்வொரு புதிய கிணற்றிலும் காமா நிறமாலைப் பதிவைக் கட்டாயமாக்கும் பரிந்துரை ஏற்கப்பட்டுள்ளது. எத்தனை கிணறுகள் போதும் என்பதில் தரவுக் குழுவும் பாறை இயற்பியலாளர்களும் இன்னும் ஒத்துப்போகவில்லை. கிணற்றுக்குக் கிணறு மதிப்பெண் சிதறல் குறைவதைப் பார்த்து அதைத் தீர்மானிப்பதாக இப்போதைக்கு உடன்பாடு.